தாய்மாமன் மடியும் நிற்காத ரத்தமும்

காது குத்தினால் ரத்தம் வரும். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. காதுமடலின் அடிப்பகுதியில் குருத்தெலும்பு கிடையாது. தோல், கொஞ்சம் கொழுப்பு, மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள், அவ்வளவுதான். ஆசாரியின் கம்பி உள்ளே போய் வெளியே வரும்போது ஒரு சொட்டு, மிஞ்சினால் மூன்று சொட்டு. பஞ்சை வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் நின்றுவிடும். பிள்ளையின் அழுகை நிற்கத்தான் அதைவிட நேரமாகும்.

அரிதாகச் சில குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு தப்புகிறது. அழுத்தியபோது நின்ற ரத்தம் பந்தி முடிவதற்குள் மறுபடி கசிகிறது. அல்லது அன்று முழுக்க ஒன்றுமில்லாமல் இருந்து, மறுநாள் காலையில் தலையணை உறையில் கறை தெரிகிறது. ஆசாரி ஆழமாகக் குத்திவிட்டார் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள், பிள்ளை தோட்டைப் பிடித்து இழுத்திருக்கும் என்பார்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் யாரும் இழுக்காமல், எதுவும் இடிக்காமல், திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் சந்தேகத்தைக் காதை விட்டு ரத்தத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்த வட்டாரத்தில் காதுகுத்து என்பது கல்யாணத்துக்கு அடுத்த பெரிய விசேஷம். குலதெய்வக் கோயிலில் மொட்டை, மாமன் சீர், மடியில் உட்காரவைத்துக் காதுகுத்து, கிடாவெட்டு, மொய் என்று நாள் முழுக்க ஓடும். நேர்த்திக்கடன் இருந்தால் வேன் பிடித்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். வழக்கம் மிகப் பழையது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார், கண்ணனுக்குக் காது குத்த யசோதை கூப்பிடுவதாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். திருமாலின் பன்னிரண்டு பெயர்களையும் சொல்லிக் கூப்பிட்டு, தின்பண்டம் தருவதாக ஆசைகாட்டி, காதில் திரி போடும்போது எரியாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கிறாள் அந்தத் தாய். புண்ணைப் பற்றிய கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

மருத்துவ நூல்களிலும் இதற்கு இடம் உண்டு. சுசுருதர் பெயரில் வழங்கும் வடமொழி நூல், குழந்தையின் காதைச் சூரிய வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தில் குத்தச் சொல்கிறது. ரத்தம் மிகுதியாக வந்து வலியும் இருந்தால் தவறான இடத்தில் குத்தியதாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அது பாதி உண்மை. சரியான இடத்தில், தேர்ந்த கை குத்தியும் ரத்தம் நிற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏன் என்று புரிய, ரத்தம் சாதாரணமாக எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கண்மாய்க் கரை உடைந்தால் ஊர்க்காரர்கள் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மணல் மூட்டைகளை அடுக்கி உடைப்பை மறிப்பார்கள். ரத்தத்தில் அந்த மூட்டைகள் தட்டணுக்கள். பிளேட்லெட் என்று டெங்கு காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்டது. மூட்டைகள் கரையோடு ஒட்டிக்கொள்ள ஒரு பசை வேண்டும். வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. மூட்டைகளைத் தாண்டித் தண்ணீர் கசியாமல் இருக்க மேலே களிமண் பூச வேண்டும். அதுதான் உறைகாரணிகளின் வேலை. மருத்துவமனையில் ஃபேக்டர் என்பார்கள். எட்டு, ஒன்பது, பதினொன்று என்று அவற்றுக்கு எண்கள். கடைசியில் பூசிய மண்ணை அடித்து இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் இரவோடு இரவாகக் கரைந்துபோகும். அந்த இறுக்கும் வேலை பதின்மூன்றாம் ஃபேக்டருடையது.

இதில் எந்த வேலை நடக்கவில்லை என்பதைப் பொறுத்து ரத்தம் வரும் நேரமும் மாறுகிறது. தட்டணுக்களிலோ ஒட்டும் புரதத்திலோ குறை இருந்தால் ரத்தம் ஆரம்பத்திலிருந்தே நிற்காது. சன்னமாகக் கசிந்துகொண்டே இருக்கும். எட்டாம், ஒன்பதாம் ஃபேக்டர் குறையான ஹீமோஃபிலியாவில் முதலில் நின்றதுபோல் இருந்து, சில மணி நேரம் கழித்து மறுபடி தொடங்கும். பதின்மூன்றாம் ஃபேக்டர் இல்லாத பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே வரும், ஆறுவதும் தாமதமாகும். ஆகவே டாக்டரிடம் போகும்போது எவ்வளவு ரத்தம் என்று சொல்வதோடு, எப்போது நின்றது, எப்போது மறுபடி வந்தது என்பதையும் சொல்லுங்கள். பதற்றத்தில் எல்லாரும் மறப்பது இந்த நேரக் கணக்கைத்தான்.

இனி தாய்மாமனிடம் வருவோம். காதுகுத்தில் அவர் மடிதான் ஆசனம். ஹீமோஃபிலியாவைத் தேடும் மருத்துவரும் முதலில் விசாரிப்பது அவரைப் பற்றித்தான். எட்டாம், ஒன்பதாம் ஃபேக்டர்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. அதனால் நோய் தாய்வழியில் மறைந்து நடந்து, ஆண்பிள்ளையிடம் வெளிப்படுகிறது. பாட்டி அந்தப் பழுதைச் சுமப்பவர் என்றால், பேரனுக்கு முன்பே அது வெளிப்பட்டிருக்க வாய்ப்புள்ள ஆண் அவருடைய மகன், அதாவது பிள்ளையின் தாய்மாமன். பல் பிடுங்கியபோது இரண்டு நாள் ரத்தம் வந்ததா, முழங்கால் அடிக்கடி வீங்குமா, சின்ன வயதில் கீழே விழுந்து ரத்தக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாரா என்று அவரிடம் கேட்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு. விசேஷ வீட்டில் கேட்கத் தயக்கமாக இருக்கும். சின்ன வயதிலேயே தவறிப்போன மாமன் யாராவது இருந்தாரா? எதனால் போனார்?

இந்தச் சங்கிலியை உலகம் மரபணு அறிவதற்கு முன்பே கவனித்திருக்கிறது. யூதர்களின் தால்முத் நூலில், ஒரு தாயின் இரண்டு ஆண்பிள்ளைகள் சுன்னத்துக்குப் பிறகு இறந்துபோனால் மூன்றாவது பிள்ளைக்கு அதைச் செய்யவேண்டாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஏறக்குறைய 1,800 ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பு. சடங்கில் ரத்தம் சிந்தும் சமூகங்களில், சடங்கே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. அங்கே சுன்னத்து, இங்கே காதுகுத்து.

மாமன் திடகாத்திரமாக இருக்கிறார் என்பதால் மட்டும் நிம்மதியாகிவிடவும் முடியாது. கடுமையான ஹீமோஃபிலியாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் முன்பு எவருக்குமே இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் எட்டாம் ஃபேக்டர் குறையோடு பிறக்கிறார். ஒன்பதாம் ஃபேக்டர் குறை அதைவிடப் பல மடங்கு அரிது. அதற்குக் கிறிஸ்துமஸ் நோய் என்றும் பெயர். பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1952-இல் அந்த நோய் விவரிக்கப்பட்டபோது முதல் நோயாளியாக இருந்த சிறுவனின் பெயர் ஸ்டீபன் கிறிஸ்துமஸ்.

"பெண்பிள்ளைக்கு இதெல்லாம் வராது" என்று சொல்வார்கள். அப்படியல்ல. பழுதைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கும் ஃபேக்டர் அளவு குறைவாக இருந்து, காது குத்தினாலும் பிரசவத்திலும் ரத்தம் கூடுதலாகப் போவதுண்டு. நம் பக்கத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஹீமோஃபிலியா உள்ள ஒருவர் அக்கா மகளைக் கட்டுகிறார், அந்த அக்கா மகள் பழுதைச் சுமப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பிறக்கும் பெண்பிள்ளைக்கு முழு ஹீமோஃபிலியா வர இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் என்பது இங்கே முகத்தைச் சுளிக்கும் விஷயமல்ல, முறை. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உரிமையாகவே கேட்பார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளில் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவையாகத் தெரியவருகிறது. இந்தியாவில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் நம்முடையது ஒன்று. இதனால் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் நோயாளிகள் என்று பயமுறுத்துவது அபத்தம். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் தாயும் தந்தையும் ஒரே பழுதைச் சுமந்தால் மட்டும் வெளிப்படும் அரிய நோய்களுக்கு உறவுத் திருமணம் வாசலைத் திறந்துவிடுகிறது என்பது கணக்கு. அத்தை மகனும் மாமன் மகளும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. இருவரிடமும் அதே பழுது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. இங்கே ஆண், பெண் பேதமும் இல்லை.

அப்படி வருபவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று கிளான்ஸ்மன் நோய். சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் எடுவர்ட் கிளான்ஸ்மன் 1918-இல் விவரித்தது. தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும்; ஆனால் அவை ஒன்றோடொன்று சேராது. மூட்டைகள் லாரி நிறைய வந்து இறங்கியும் அடுக்க முடியாத நிலை. மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம், காது குத்தினால் நாளெல்லாம் கசிவு. உலக அளவில் பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்று எழுதப்பட்டிருக்கும் நோய், உறவுத் திருமணம் மிகுந்த பகுதிகளில் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை.

மற்றது பதின்மூன்றாம் ஃபேக்டர் குறை. இருபது லட்சத்தில் ஒருவர் என்பது உலகக் கணக்கு. தென்கிழக்கு ஈரானின் சிஸ்தான்-பலுசிஸ்தான் மாகாணத்தில் அது உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படுகிறது; அங்கேயும் உறவுக்குள் கட்டும் வழக்கம்தான் காரணம். இந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசியும். பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இது நடக்கிறது. பாட்டிமார் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் யாரும் கேட்காததால் சொல்வதில்லை. கேட்டுவைப்பது காதுக்காக மட்டுமல்ல. சிகிச்சையில்லாமல் விட்டால் இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுகிறது. அதே சமயம், ரத்தக்கசிவு நோய்களில் தடுக்க எளிதானதும் இதுதான். உடலில் ஏற்றிய பதின்மூன்றாம் ஃபேக்டர் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். ஆகவே ஏறக்குறைய மாதம் ஒருமுறை ஏற்றினாலே பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாடலாம். காதில் வரும் ரெண்டு சொட்டு கூடுதல் ரத்தத்தைப் பொருட்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

பரம்பரை ரத்தக்கசிவு நோய்களில் உலகில் மிகப் பரவலானது இவை எதுவுமல்ல. வான் வில்லிபிராண்ட் நோய். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலந்து தீவுகளிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை 1924-இல் பார்த்தார். அவளுடைய உடன்பிறந்தார் பலருக்கும் ரத்தம் நிற்காத கோளாறு இருந்தது. குடும்பத்தையே ஆராய்ந்து 1926-இல் எழுதினார். அந்தச் சிறுமி பருவமடைந்த சில மாதங்களில் மாதவிலக்கு ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். இதன் லேசான வகை நம் வீடுகளில் பேர் இல்லாமலே இருக்கும். அம்மாவுக்கு மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் ஓடும், "எங்க வகையறாவுக்கே அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். மகளுக்குக் காது குத்தி ரத்தம் நிற்கவில்லை என்றால் தாயின் மாதவிலக்கைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் டாக்டர் கேட்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று கோபப்பட வேண்டாம்.

பிறவியில் இல்லாமல் இடையில் வரும் காரணங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு பரவும்போது தட்டணுக்கள் இறங்கும். சாதாரண வைரஸ் காய்ச்சல் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் சில பிள்ளைகளுக்கு உடலே தட்டணுக்களை அழிக்கத் தொடங்கிவிடும். கால்களில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். காய்ச்சல் வந்து போன பிள்ளைக்குச் சில வாரம் தள்ளிக் காது குத்தினால் முகூர்த்தம் ஒன்றும் கெட்டுவிடாது. பிறந்த சில வாரத்திலேயே காது குத்தும் வீடுகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி விட்டுப்போயிருந்தால் ஆறு மாதம் வரைகூட ரத்தக்கசிவு ஆபத்து இருக்கிறது. தாய்ப்பாலில் அந்த வைட்டமின் மிகக் குறைவு.

இனி மருத்துவமனையில் நடக்கும் சின்னக் காது அறுவைகள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளுக்கு, செவிப்பறையில் சிறு கீறல் போட்டு கிராமெட் என்ற குட்டிக் குழாயை வைப்பார்கள். காதின் முன்பக்கம் பிறவியிலேயே இருக்கும் சிறு துளையில் அடிக்கடி சீழ் பிடித்தால் அதை அறுத்தெடுப்பார்கள். கம்மல் இழுபட்டுக் கிழிந்த காதைத் தைப்பார்கள். பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காதுகளை ஒட்டவைத்துத் தைத்துக்கொண்ட பாட்டிகள் ஒரு தலைமுறை முழுக்க இந்தப் பக்கம் இருந்தார்கள். குழந்தைகளுக்குச் செய்வதும் ஏறத்தாழ அந்த அளவு வேலைதான். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேலே சொன்ன ரத்த நோய்கள் எல்லாம் இங்கேயும் பொருந்தும். இதோடு காதின் உள்ளமைப்பால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. நடுச்செவியின் தளத்துக்குக் கீழே கழுத்துக்கு இறங்கும் பெரிய சிரையின் குமிழ் இருக்கிறது. நடுவே மெல்லிய எலும்புத் தகடு. சிலருக்கு அந்தக் குமிழ் மேலே ஏறி, தகடும் இல்லாமல், செவிப்பறைக்கு மிக அருகில் வந்திருக்கும். கீறும்போது கத்தி அதில் பட்டால் கருஞ்சிவப்பு ரத்தம் குபுகுபுவென்று காதை நிறைக்கும். அதைவிட அரிது, மூளைக்குப் போகும் தமனி வழி தவறி நடுச்செவிக்குள் வருவது. ரத்தம் செக்கச்செவேலென்று துடிப்போடு பீய்ச்சும். செவிப்பறைக்குப் பின்னால் நீலமாகவோ சிவப்பாகவோ துடிப்போடு ஏதாவது தெரிந்தால், கத்தி வைக்கும் முன்பே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். நடந்துவிட்டால் காதை இறுக அடைத்து, குழந்தையை அசையாமல் படுக்கவைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சிரை என்றால் பெரும்பாலும் அடைப்பிலேயே நின்றுவிடும். தமனி என்றால் அடைத்த நிலையிலேயே தமனியைப் படம்பிடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் உள்வழியாக அடைக்க வேண்டியிருக்கும். அப்படி வைத்த அடைப்பை வீட்டிலோ வழியிலோ யாரும் எடுத்துப் பார்க்கக் கூடாது.

கிராமெட் வைத்துப் பல வாரம் கழித்துக் காதில் ரத்தம் கலந்த நீர் வந்தால் பயப்படாதீர்கள். குழாயைச் சுற்றிச் சதை வளர்ந்திருக்கும். பெரும்பாலும் டாக்டர் எழுதித்தரும் சொட்டு மருந்திலேயே சரியாகிவிடும். கிராமெட்டோடு மூக்கின் பின்பக்கத்துச் சதையையும் எடுத்திருந்தால் கவனிக்க வேண்டியது காதை அல்ல, தொண்டையை. தூங்கும் பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் அது ரத்தத்தை விழுங்குவதாக இருக்கலாம்.

மேல்காதில், குருத்தெலும்புள்ள இடத்தில் குத்துவது இப்போது பெண்பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. அங்கே ரத்தம் வெளியே வராமல் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே கட்டிக்கொள்ளும். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. மேலே மூடியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம் கிடைக்கிறது. ரத்தக்கட்டு நடுவே புகுந்தால் குருத்தெலும்பு பட்டினியாகி, காது நிரந்தரமாகச் சுருங்கிப்போகும். வீக்கம் தெரிந்த அன்றே இ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும். தானாக வடியும் என்று காத்திருக்கக் கூடாது.

அறுவைக்கு முன் சோதனை செய்யமாட்டார்களா என்று கேட்கலாம். செய்வார்கள். ஊர் லேப்களில் பி.டி., சி.டி. என்று விரலில் குத்தி, ரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று எழுதித் தருவார்கள். அந்த இரண்டு வரி ரிப்போர்ட் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கிறோம் என்பது என் கருத்து. லேசான ஹீமோஃபிலியாவும் வான் வில்லிபிராண்ட் நோயும் அதில் நழுவிவிடும். அடுத்த படியான தட்டணு எண்ணிக்கை, பி.டி.ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. எல்லாம் எடுத்தாலும் பதின்மூன்றாம் ஃபேக்டர் குறையில் அத்தனையும் நார்மலாகவே வரும். உறைந்த ரத்தத்தை யூரியா கரைசலில் போட்டுக் கரைகிறதா என்று தனியாகப் பார்த்தால்தான் பிடிபடும். கிளான்ஸ்மனிலும் எண்ணிக்கை நார்மல். தட்டணுக்கள் சேர்கின்றனவா என்று பார்க்கும் சோதனை வேறு. பிரிட்டனின் ரத்தவியல் வல்லுநர்கள் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியும், எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு உறைவுச் சோதனை எடுப்பதைவிட ரத்தக்கசிவு வரலாற்றைக் கேட்பதே முக்கியம் என்கிறது.

அந்த வரலாற்றை நீங்கள் வீட்டிலேயே சேகரித்துவிடலாம். தொப்புள்கொடி, மாமன், அம்மாவின் மாதவிலக்கு ஆகியவற்றைச் சொல்லிவிட்டேன். தடுப்பூசி போட்ட தொடையில் பெரிய ரத்தக்கட்டு வந்ததா? தவழும் வயதில் முழங்காலிலும் நெற்றியிலும் கன்றிப்போவது சகஜம். முதுகிலும் வயிற்றிலும் காரணமில்லாமல் கன்றியதா? மூக்கில் வரும் ரத்தம் பத்து நிமிடம் பிடித்தும் நிற்காமல் இருந்ததுண்டா? பால் பல் விழுந்த இடத்தில் மறுநாளும் ரத்தம் இருந்ததா? அப்பாவும் அம்மாவும் என்ன உறவு? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால்கூட, காது குத்தும் தேதிக்கு முன் குழந்தை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ரத்தம் வந்துவிட்டால் செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். சுத்தமான காஸ் துணியை மடித்து, காதுமடலின் முன்னும் பின்னும் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். காஸுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வதே பேண்டேஜ் துணிதான். நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உருவாகிவரும் அடைப்பு பிய்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். புண்ணில் கிருமி சேரும், டாக்டருக்கும் இடம் தெரியாது. ரத்தம் காதுக்குள்ளிருந்து வந்தால் பஞ்சை உள்ளே திணிக்கவோ எண்ணெய் விடவோ கூடாது. வெளியே துணியை வைத்து, அந்தக் காது கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்துக் கொண்டுபோங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். ரத்தம் உறையாத சந்தேகம் இருந்தால், டி.டி.யோ வலி ஊசியோ சதையில் போடும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். சதைக்குள் ரத்தம் கட்டினால் காதைவிட அது பெரிய தொல்லை.

இரண்டு முறை முழுதாக அழுத்தியும் நிற்கவில்லை, நின்றது மறுபடி வருகிறது, பிள்ளை வெளுத்தோ சோர்ந்தோ தெரிகிறது, வாந்தியோ தலைவலியோ இருக்கிறது என்றால் உள்ளூர் அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108. அங்கே முதலில் டிரானெக்சாமிக் அமிலத்தில் காஸை நனைத்து வைப்பார்கள். உருவான உறைவு கரையாமல் காக்கும் மருந்து அது. 1962-இல் ஜப்பானில் ஒகாமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தது, விலையும் குறைவு. பல நேரங்களில் காதுக்கு இதுவே போதும். ஆனால் ரத்தம் நின்றதும் கதையை முடித்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. காரணத்தைத் தேடும் சோதனைகளுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். எழுபது எண்பது கிலோமீட்டர் பயணம். அரிய வகை என்று சந்தேகம் வந்தால் வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

எந்த ஃபேக்டர் குறை என்று தெரிவது பெயருக்காக அல்ல. பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் கிரையோ என்ற பொருளில் எட்டாம், பதின்மூன்றாம் ஃபேக்டர்களும் வான் வில்லிபிராண்ட் புரதமும் இருக்கும். ஒன்பதாம் ஃபேக்டர் இருக்காது. கிளான்ஸ்மன் பிள்ளைக்கு ஃபேக்டர் எட்டை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. தட்டணுக்கள் ஏற்ற வேண்டும். ஹீமோஃபிலியா என்று உறுதியானால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் ஹீமோஃபிலியா இருக்கிறது.

நோய் தெரிந்த பிள்ளைக்குக் காது குத்தவே கூடாதா என்றால், குத்தலாம். ஃபேக்டர் ஏற்றியோ டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தோ முன்னேற்பாட்டோடு, மருத்துவமனையில் வைத்துக் குத்தலாம். குத்தும் நேரத்தில் மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருப்பதற்கு எந்த டாக்டரும் தடை சொல்லமாட்டார். கோயிலில் மொட்டையும் சீரும் முடித்துவிட்டு, காதை மட்டும் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நோயின் பெயர், ஃபேக்டர் அளவு, ரத்த வகை, பார்க்கும் டாக்டரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பிள்ளையின் பள்ளிப்பையில் ஒன்றும், மாமனின் சட்டைப்பையில் ஒன்றும் வைத்துவிடுங்கள்.